இருபதடி போர்டு

“இருபதடி நீளம், எட்டடி உயரம். ஒரு அங்குலம் குறைஞ்சாலும் என் பணம் வராது” என்றார் பஸ் முதலாளி.

ஏரிக் கமிட்டிச் செயலாளருக்குச் சுருக்கென்றது. பகலில் தபால் ஆபீஸ் கவுன்ட்டர், சாயங்காலம் ஏரிக்கரை என்று இரண்டு வருஷமாக நாயாய் அலைகிறவள் அவள். ஏரியைத் தூர்வாரி, சுற்றிலும் நடைபாதை போட்டு, பறவை பார்க்க ஒரு மேடை கட்ட வேண்டும். பாதிச் செலவை ஒரு அறக்கட்டளை ஏற்றுக்கொண்டுவிட்டது. மீதிப் பாதியை ஊர் போட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் போடாவிட்டால் அந்தப் பாதியும் அம்போ.

அன்று புதன்.

எல்லார் காலையும் பிடித்தாகிவிட்டது. மிச்சம் இந்த மனுஷர்தான். பஸ் ஸ்டாப், குடிதண்ணீர்த் தொட்டி, ஆஸ்பத்திரி நாற்காலி என்று கண்ட இடத்தில் பேரை எழுதி வைக்கிறவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் முதுகில் அவர் பேர் ஒட்டிக்கொள்ளும் என்று ஊரே கேலி செய்யும்.

“சார், அது பறவை வர்ற இடம். சினிமா தியேட்டர் இல்ல.”

“ஏம்மா, பறவைக்கு என் பேர் தெரியக் கூடாதா?”

சிரிக்கிற நிலைமையில் அவள் இல்லை. முதலாளி அறக்கட்டளையின் கடிதத்தை மூன்றாவது தடவையாகப் படித்தார்.

“ரோட்டோரமா மறைப்புச் சுவர் கேட்டிருந்தீங்களா?”

“கேட்டோம். கூடாதுன்னுட்டாங்க. அந்த மேடையும் பணம் கொடுத்தவங்க போர்டும் தவிர கரையில ஒண்ணும் நிக்கக் கூடாதாம். நல்ல சட்டம்!”

“நல்ல சட்டம்தான். போர்டை ரோட்டு வளைவுல வைங்க.”

“பஸ்ல போறவங்க அத்தனை பேரும் படிக்கணும். அதானே?”

“அப்படியே வச்சுக்குங்க.”

தலையெழுத்தே என்று அவள் தலையாட்டினாள். பணம் வந்தது. மூன்று மாதம் வேலையும் நடந்தது. ஆனாலும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. வீட்டில் கணவரிடம் அத்தனை நாளும் இதே புலம்பல். “விளம்பரப் பிரியர்! ஏரியை வாங்கின மாதிரி நினைப்பு!”

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், போர்டு எழுதும் பெயின்ட்டர் கொட்டகைக்குப் போனாள்.

“அண்ணே, போர்டுல கீழே ஓரமா ஒரு வரி சேர்க்கணும். ‘முயற்சி’ன்னு போட்டு, பக்கத்துல என் பேர்.”

“மேடம், அந்த போர்டுல...” என்று அவர் இழுத்தார்.

“என்ன, இடமில்லையா? மாடாய் உழைச்சவளுக்கு ஒரு மூலைகூடவா கிடையாது? கமிட்டி தீர்மானம்னு வச்சுக்குங்க.”

“எந்த சைஸ்ல?”

“சின்னதாத்தான்.” கொஞ்சம் யோசித்தாள். “கண்ணாடி போடாம படிக்கிற மாதிரி.”

விழாவன்று கரை முழுக்கக் கூட்டம். முதலாளி கயிற்றை இழுத்தார். திரை சரிந்து, கீழ் மூலையில் ஒரு ஆணியில் மட்டும் மாட்டிக்கொண்டு தொங்கியது.

கூட்டத்தில் சலசலப்பு. எட்டடி உயரத்துக்கு வெறும் கரும்பச்சைப் பெயின்ட். ஒரு எழுத்து இல்லை.

“சார், உங்க பேர் எங்கே?” செயலாளர் பதறிப்போய்க் கேட்டாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “வளைவுல திரும்புற என் பஸ்ஸோட லைட்டுதான் ராத்திரியில நேரா ஏரி நடுவுல இருக்கிற தீவு மரத்துல அடிக்குது. குஞ்சை விட்டுட்டுப் பறவை எழுந்து ஓடுதுன்னு டிரைவருங்களே வந்து வருத்தப்பட்டாங்க. சுவர் கூடாது, போர்டு கூடும்னாங்க. அதான் இந்த போர்டு.”

“அதுக்காகப் பேர்கூடவா போடாம விட்டுட்டீங்க?”

“பேரைப் போட்டா, அது ராத்திரியிலும் தெரியணும்னு நானே விளக்கு மாட்டிடுவேன். என் புத்தி எனக்குத் தெரியாதாம்மா?”

மூன்று மாதமாக இந்த மனுஷரையா அப்படிப் பேசினோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“என்கிட்டயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாமே, சார்?”

“சொன்னா, இப்படி ஒரு குறுக்கு வழின்னு அறக்கட்டளைக்கு எழுதிடுவீங்களோன்னு பயம். நீங்க நேர்மையான ஆளாச்சே!”

அப்போதுதான் அவளுக்கு அந்த மூலை ஞாபகம் வந்தது. “ஐயோ, அதை அப்படியே விடுங்க!” என்று அவள் கத்துவதற்குள், பெயின்ட்டர் ஓடிப்போய் ஆணியில் மாட்டியிருந்த திரையை எடுத்துவிட்டார்.

ஊரே கைதட்டியது. இருபதடி போர்டில் இருந்தது ஒரே ஒரு பேர்தான். கண்ணாடி போடாமலே படிக்க முடிந்தது.