திரைச் சோதனை

கம்மல் இரண்டையும் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

அவர் மரப்பெட்டியைத் திறந்தார். தளும்பும் பாத்திரத்தை எடுப்பதுபோல் ஹெட்போனை இரண்டு கைகளாலும் எடுத்து அவள் தலையில் வைத்தார். காதோரத்து நரைமுடியை விலக்கிவிட்டார்.

"ஒரு வாரத்துல கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும். பாத்து."

மின்விசிறியை நிறுத்தியாகிவிட்டது. ஜன்னலும் சாத்தியிருந்தது. அடுப்பில் இருந்த குக்கரைக்கூட அவரே போய் அணைத்துவிட்டு வந்திருந்தார்.

ஒலிக்கருவிகளைப் பற்றி முப்பது வருடங்களாக எழுதுகிறவர். அவர் நன்றாயிருக்கிறது என்று எழுதினால் சிங்கப்பூரில் இருப்பவன்கூட யோசிக்காமல் வாங்குவான். இரண்டு வருடங்களுக்கு முன் காது டாக்டர் ஒரு தாளைக் காட்டினார். அதில் ஒரு கோடு பாதி வழி நேராக வந்து, அப்புறம் சரிந்து கிடந்தது.

மெல்லிய ஒலிகள் இனி அவருக்கு இல்லை.

அது மனைவிக்கு மட்டும்தான் தெரியும். அன்றிலிருந்து அவள் கேட்பாள். அவர் எழுதுவார்.

எந்த ஹெட்போன் வந்தாலும் சோதனைக்கு ஒரே பாட்டுதான். அவள் பாடியது. இருபத்தெட்டு வருடங்களுக்கு முன், ஊர் இசை மன்றத்தில். அதுதான் அவளுடைய கடைசிக் கச்சேரி என்று அப்போது அவளுக்குத் தெரியாது. மேடையின் ஓரம், திரைக்குப் பின்னால் நின்று அவரே பதிவு செய்தார்.

அதில் பதினோராவது நிமிடத்தில் ஓர் இடம் உண்டு. அவள் ஒரு வரியைப் பாடி நிறுத்துவாள். வயலின் அதை வாங்கிக்கொள்ளும். அப்போது இடது ஓரத்தில் மிக மெலிதாக ஒரு சலசலப்பு.

மேடைத் திரை காற்றில் அசைகிறது என்று எழுதியிருந்தார். அந்தத் திரை கேட்டால் நல்ல ஹெட்போன். கேட்காவிட்டால் பெட்டியில் போட்டு அனுப்பிவிடலாம். வாசகர்கள் அதற்குத் திரைச் சோதனை என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அவர் எதிரில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார்.

பாட்டு தொடங்கியது.

எத்தனையோ முறை கேட்ட குரல். ஆனால் இன்று அந்தக் குரல் எச்சில் விழுங்குவது கேட்டது. வயலின்காரர் கால் மாற்றி உட்கார்வது கேட்டது. முன்வரிசையில் யாரோ ஒரு டப்பாவை மூடினார்கள்.

பதினோராவது நிமிடம்.

பாடியவள் நிறுத்தினாள். வயலின் வாங்கிக்கொண்டது.

திரை அசைந்தது.

அது திரை இல்லை.

"அடுத்த வருஷத்துலேர்ந்து இவ பேரப் போடாதீங்க சார். கேட்டா எடமில்லன்னு சொல்லிடுங்க. நான் சொன்னதாத் தெரிய வேணாம்."

அவருடைய குரல். இன்னும் இளமையாக, அவசரமாக.

மன்றத்துச் செயலாளர் தொண்டையைச் செருமினார். "சரி, சரி."

வயலின் முடித்தது. முப்பத்திரண்டு வயதுக்காரி ஒருத்தி, ஒன்றும் அறியாமல், அடுத்த வரியை எடுத்தாள்.

மறுவருடம் மன்றத்திலிருந்து கடிதம் வந்தது. இடமில்லை. அதற்கடுத்த வருடமும் அதேதான். அவள் பாட்டு தேறவில்லை என்று நினைத்துக்கொண்டாள். ஒருநாள் காலைச் சாதகம் விட்டுப்போனது. பிறகு போயே போய்விட்டது.

அவர் கொதித்தார். செயலாளருக்கு இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதி அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். ரசனை கெட்ட ஜென்மங்கள் என்று அதில் ஒரு வரி. அவள்தான் வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று அதை வாங்கிக் கிழித்தாள். அவர் தோளில் சாய்ந்து அழுதாள்.

அந்தத் தோள் அசையவே இல்லை.

"என்ன கேக்குது?"

எதிரில் அவர். பேனா தாளைத் தொட்டுக் காத்திருந்தது.



"திரை கேக்குதா, கோதை?"

எழுந்தாள். ஹெட்போனைக் கழற்றி அவர் தலையில் வைத்தாள்.

"எனக்கெதுக்கு? என் காது லட்சணம்தான் உனக்குத் தெரியுமே."

"கேளுங்க."

பாட்டைப் பின்னுக்குத் தள்ளி அந்த இடத்திலிருந்து ஓடவிட்டாள்.

அவர் முகம் மலர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டார். தொடையில் கை தாளம் போட்டது. பாடியவள் நிறுத்தினாள், வயலின் வாங்கிக்கொண்டது, கை அது பாட்டுக்குப் போட்டுக்கொண்டேயிருந்தது. அந்த மூன்று வாக்கியங்களும் அவருக்குள் நுழையாமலே கடந்து போயின.

"என்னா குரல் உனக்கு," என்றார், கண்ணைத் திறக்காமல்.

மறுபடியும் பின்னுக்குத் தள்ளினாள். ஒலியைக் கூட்டும் குமிழைக் கொஞ்சம் திருகினாள்.

தாளம் நிற்கவில்லை.

இன்னொரு முறை. குமிழை இன்னும் திருகினாள். இப்போது அவள் பாடுவது எதிரில் நின்ற அவளுக்கே கேட்டது.

பாடியவள் நிறுத்தினாள்.

வயலின் வாங்கிக்கொண்டது.

தொடைக்கு மேலே எழுந்த கை கீழே வரவில்லை.

அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. கண்ணையும் திறக்கவில்லை.

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு கம்மலை எடுத்துப் போட்டுக்கொண்டாள். திருகாணியைக் கடைசிவரை திருகினாள். பிறகு அடுத்தது. பாட்டு முடியும்வரை பொறுத்திருந்தாள்.

நோட்டைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவை எடுத்தாள்.

"என்ன கேக்குது?" என்றாள்.