உற்றுப் பார்த்த ஓவியம்

ஓவிய ரசனை வகுப்பில் போன வாரம் குறட்டை விட்ட சுந்தரராஜுலு, இந்த வாரம் ஒரு நீல ஓவியத்தின் முன் அரை மணி நேரமாக அசையாமல் நின்றார். கட்டாயப்படுத்திச் சேர்த்துவிட்ட மனைவி ராமாமணிக்கே நம்ப முடியவில்லை.

"என்னங்க சார் தெரியுது?" என்று ஆவலாகக் கேட்டாள் ஆசிரியை மௌனிகா.

"நடுவுல ஒண்ணு அறுந்து கிடக்குதுங்க அம்மணி. பாத்ததும் நெஞ்சு பதறிப்போச்சுங்க."

"அதுதானுங்க ரசனை! சாரு ஓவியத்துக்குள்ளயே போயிட்டாரு. எல்லாரும் கை தட்டுங்க!"

ராமாமணி பெருமையில் பூரித்தார்.

சுந்தரராஜுலு ஃபோனில் தன் துணி மில்லின் மேனேஜரை அழைத்தார்.

"ஏப்பா, ஏழாம் நம்பர் தறியில இழை அறுந்து வந்த துணியைக் கழிச்சுப்போடச் சொன்னேனல்ல? எவன் வித்தது? இங்க ஒருத்தரு அதுல படம் வரைஞ்சு மாட்டியிருக்கறாரு. ஓரத்துல நம்ம மில்லுப் பச்சைக் கோடு பல்லை இளிக்குது!"