பாரம் வைக்காத கை

அவளை வலது கையை மேலே தூக்கச் சொன்னாள் வைத்தியம் பார்க்கும் பெண். தோள் உயரம் வந்ததும் கை, இதற்கு மேல் ஒரு விரற்கடை கூட வர மாட்டேன் என்று அடம்பிடித்து நின்றுவிட்டது.

கையாலேயே தசைப்பிடிப்பை இளக்கும் ஆஸ்டியோபதி வைத்தியம் செய்யும் அந்தப் பெண் அவசரப்படவில்லை. நிற்கச் சொன்னாள், நடக்கச் சொன்னாள், குனியச் சொன்னாள். பின்னால் போய் நின்று முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூலை நாற்காலியில் இருந்த வீட்டுக்காரருக்கு வாய் சும்மா இருக்குமா? காலமெல்லாம் லாரி ஓட்டிய மனுஷன். இதைத்தான் நாங்கள் வீல் அலைன்மென்ட் என்போம் என்று அந்தப் பெண்ணுக்கே பாடம் எடுத்தார்.

மனைவி அவரை முறைத்தாள். முறைப்பெல்லாம் முகத்தில்தான். போன மழைக்காலத்தில் அவர் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தபோது, இந்த வாய் திரும்பப் பேசினால் போதும் என்று அவள் வேண்டாத தெய்வமில்லை.

படுக்கச் சொன்னதும் அவள் இடது கையால் கட்டில் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். முறுக்குவார்கள், எலும்பு படக்கென்று சத்தம் போடும் என்று எதிர்வீட்டுக்காரி வேறு பயமுறுத்தி அனுப்பியிருந்தாள்.

முறுக்கவும் இல்லை, சத்தமும் இல்லை. மருந்து, மெஷின் எதுவும் கிடையாது. உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, இப்போது இங்கே தொடப்போகிறேன், வலித்தால் சொல்லுங்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிச் சொல்லியே தொட்டாள் அந்தப் பெண்.

வலி இருப்பது தோளில். அந்தப் பெண்ணின் விரல்களோ விலாவுக்குப் போயின, கழுத்துக்குப் போயின, தோள்பட்டை எலும்புக்கு அடியில் போய் ஒரு முடிச்சின் மேல் நின்றுவிட்டன. மெல்ல மெல்ல அந்த முடிச்சு இளகியது.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை மாதம் அவர் உடம்பு, அவர் மாத்திரை, அவர் தையல் என்றே ஓடியவள். தன் உடம்பையும் ஒருத்தி இப்படிப் பதமாகப் பார்க்கிறாளே என்றிருந்தது.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"ராத்திரி இந்தக் கையை எங்கே வெச்சுக்கிட்டுத் தூங்குறீங்க?"



எங்கே என்று சொல்வாள்? அவர் கண்ணயர்ந்த பிறகு, சத்தமில்லாமல் அவர் பக்கம் ஒருக்களித்து, இந்தக் கையைத்தான் அவர் நெஞ்சின் மேல் வைப்பாள். மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கத்தான். தையல் போட்ட நெஞ்சாயிற்றே, பாரம் விழக் கூடாதென்று கையைப் பாதி தூக்கின மாதிரியே விடிய விடிய வைத்திருப்பாள். அவர் எழுவதற்கு முன் எடுத்துவிடுவாள்.

தெரிந்தால் அந்த மனுஷன் இடிந்துபோவார். இவளே இவ்வளவு பயப்படுகிறாள் என்றால் நாம் தேற மாட்டோமோ என்று நினைத்துவிடுவார்.

தலையணைக்கு அடியில் என்று வாய் கூசாமல் சொன்னாள்.

மூலை நாற்காலியிலிருந்து ஒரு கிண்டலும் வரவில்லை. அதை அவள் கவனிக்கவில்லை.

அந்தப் பெண் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொன்னாள். நாளைக்குக் கொஞ்சம் வலிக்கலாம், பயப்பட வேண்டாம். கனமாக எதுவும் தூக்க வேண்டாம். அடுத்த வாரம் வாருங்கள். ஆனால் ராத்திரியில் இந்தக் கைக்கு ஓய்வு கொடுக்காவிட்டால், நான் என்னதான் செய்தாலும் திரும்பவும் இறுகிவிடும்.

சரி சரி என்று தலையாட்டினாள். தோள் போனால் போகட்டும், கையை எடுக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

வெளியே லிஃப்டுக்காக நின்றார்கள். வீட்டுக்காரர் அவள் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். மூடிய கதவைப் பார்த்தபடியே, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்.

"இன்னைக்குக் கையை எடுத்துட்டுத் தூங்கு. நான் கொஞ்சம் சத்தமா மூச்சு விடறேன். கேட்டுக்கிட்டே படு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவர் தூங்கிய பிறகுதானே கையை வைப்பாள்!

பாவி மனுஷன், எங்கே தூங்கினார்? கைக்கு அடியில், அவள் பயந்துவிடக் கூடாதே என்று, ஒரு நாள்கூடப் புரண்டு படுக்காமல் கிடந்திருக்கிறார்.