ஏழரை லிட்டர்

“இன்னைக்கும் மேடு ஏறும்போது ஆயில் லைட்டு சிவப்பா எரிஞ்சிச்சுன்னா, நாளையிலேர்ந்து உன் ஜீப்பு மைன்ஸ் கேட்டுக்குள்ள வராதும்மா. வேற வண்டி போட்டுக்குவோம்” என்றார் கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் அறிவுச்செல்வன்.

“எரியாது சார். ஏறி உக்காருங்க” என்றாள் செந்தாமரை.

பக்கத்தில் வரிசையாக நின்ற நான்கு ஜீப்பும் மணிமாறனுடையவை. அவள் வண்டியின் அதே மாடல், அதே வயசு. பெயின்ட் மட்டும் புதுசு. அவன் சிரித்தான். “என் வண்டில ஒருநாளாவது எரிஞ்சிருக்கா? எல்லாம் ஓட்டுற கையில இருக்கு தங்கச்சி. எதுக்கு இந்த வீம்பு?”

வீம்புதான், யார் இல்லையென்றது? பம்ப் ஆட்களை மைன்ஸுக்குள் ஏற்றி இறக்கும் இந்த ஜீப் நின்றால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது.

கோளாறு கையில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். மேட்டில் வண்டி மூக்கைத் தூக்கினால் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் பின்பக்கம் ஓடிவிடும். உறிஞ்சும் குழாய் காற்றைக் குடிக்கும். உடனே லைட்டு எரியும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மந்தாரக்குப்பத்தில் மெக்கானிக் பாவாடையிடம் போய், ஆயில் தொட்டியைப் பெரிதாக்கித் தரச் சொன்னாள்.

“அஞ்சு லிட்டர்னு கம்பெனிக்காரனே போட்டிருக்கானேம்மா” என்று அவர் இழுத்தார்.

“கம்பெனிக்காரன் நம்ம மைன்ஸ் மேட்டுல ஏறிப் பாத்தானா? நீங்க வெல்டிங்கை வைங்கண்ணே.”

“ஆயில் தொட்டியைப் பெருசாக்கியாச்சு சார். இப்ப ஏழரை லிட்டர் பிடிக்குது” என்றாள் சூப்பர்வைசரிடம்.

“ஏழரையா?” என்றான் மணிமாறன். “காசு குடுத்து ஏழரையை வாங்கிக்கினு வந்திருக்கு பாருங்க சார்.”

அறிவுச்செல்வன் ஏறி உட்கார்ந்ததும் செந்தாமரை கியரைப் போட்டு மேட்டில் ஏற்றினாள். சூப்பர்வைசர் லைட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வேண்டுமென்றே பாதி மேட்டில் நிறுத்தி, மறுபடி எடுத்தாள். மூன்று தடவை ஏறி இறங்கியும் லைட்டு எரியவில்லை.

மணிமாறன் முகம் சுண்டிப்போனது. “நம்பாதீங்க சார். பல்பைப் புடுங்கியிருக்கும். பல்பே இல்லன்னா எங்கேர்ந்து எரியும்?”

செந்தாமரைக்குச் சுரீரென்று கோபம் வந்தது. எஞ்சினை நிறுத்திச் சாவியை சூப்பர்வைசரிடம் நீட்டினாள். “நீங்களே பாருங்க சார். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னால சாவியைப் பாதி திருப்புனா லைட்டு எரியணும். எரிஞ்சா பல்பு இருக்குன்னு அர்த்தம். ஸ்டார்ட் ஆனதும் அணைஞ்சா ஆயில் ஒழுங்கா ஏறுதுன்னு அர்த்தம்.”

அவர் திருப்பினார். சிவப்பாக எரிந்தது. ஸ்டார்ட் செய்தார். அணைந்தது.

“சரியாத்தாம்மா இருக்கு. நாளைக்கும் வண்டி வரட்டும்” என்று கிளம்பப் போனவரை அவள் விடவில்லை.

“அப்படியே அந்த நாலு வண்டியிலயும் சாவியைத் திருப்பிப் பாத்துட்டுப் போங்க சார்.”

“அதெல்லாம் எதுக்கு சார், ஷிப்டுக்கு டைம் ஆவுது” என்று குறுக்கே வந்தான் மணிமாறன்.

அறிவுச்செல்வன் அவனை விலக்கிவிட்டு முதல் ஜீப்பில் ஏறிச் சாவியைத் திருப்பினார். அப்புறம் இரண்டாவதில், மூன்றாவதில், நான்காவதில்.

ஒன்றில்கூட லைட்டு எரியவில்லை.