புது லேப்டாப்புக்குப் பொட்டு

மலிவு லேப்டாப்புகள் அடுக்கியிருந்த கடையில் தமயந்தி வேறெதையும் விசாரிக்கவில்லை. “கேமரா மட்டும் தெளிவா இருக்கணும்ண்ணே. வீட்டுலயிருந்துதான் வேலை. ஆபீஸ்ல என் முகத்தைப் பார்த்துக்கிட்டே இருப்பாங்க” என்றாள். அப்படித்தான் அந்தக் கறுப்பு லேப்டாப் அவள் மேசைக்கு வந்து சேர்ந்தது.

வந்ததும் அதன் மூடியில் சந்தனம் தடவிக் குங்குமப் பொட்டு வைத்தாள். புது லேப்டாப்புக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

மேசையோரம், இரவு பகலாக ஓடிச் சூடேறி வீணாய்ப்போன பழைய லேப்டாப் கிடந்தது. அதன் மூடியிலும் ஒரு காய்ந்த பொட்டு.

“ரொம்பக் குதிக்காதே” என்றது பழசு. “இவ ஊர்க் கோயில் கொடைத் திருவிழா வீடியோவை நான் ஓட்டியிருக்கேன். ஆட்டுக்கும் இப்படித்தான் பொட்டு வைப்பாங்க. தலையில தண்ணி தெளிப்பாங்க. அது தலையாட்டினா சம்மதம்னு அர்த்தம். உடனே வெட்டிருவாங்க.”

புதுசு பதறியது. “அப்போ என்னை வெட்டப்போறாங்களா?”

“உன்னை எதுக்கு வெட்டணும்? அன்னிக்கு அருவாளுக்கும்தான் பொட்டு வைப்பாங்க.”

தமயந்தி முகம் கழுவி வந்து, மீதிக் குங்குமத்தைத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முன்முடியில் இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

திரையில் மேனேஜர் வந்தார். “உங்க டீம்ல மத்தவங்களை எல்லாம் வேலையை விட்டு அனுப்பியாச்சு. இனிமே அவங்க வேலையும் உங்களோடதுதான். முடியற வரைக்கும் கேமராவை அணைக்கக் கூடாது. சரிதானே?”

தமயந்தி தலையாட்டினாள்.