அதே அளவு

வீணையும் வயலினும் ஒரே ஆம்ப்ளிஃபயரில் கச்சேரி செய்தன. ஆளுக்கொரு வால்யூம் குமிழ்.

"எனக்குக் கொஞ்சம் ஏத்துப்பா" என்றது வீணை. ஆம்ப்ளிஃபயர் ஏற்றியது. "அப்ப எனக்கு?" என்றது வயலின். அதற்கும் ஏற்றியது. இப்படி மாறி மாறி ஏற்றியதில் ஸ்பீக்கர் கூவென்று ஊளையிட, சபையே காதைப் பொத்திக்கொண்டது.

ஆம்ப்ளிஃபயருக்குப் போதும் என்றாகிவிட்டது. இரண்டு குமிழ்களையும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, இனி யார் கேட்டாலும் அசைப்பதில்லை என்று முடிவெடுத்தது.

வீணை விடவில்லை. "இன்னும் கொஞ்சம் ஏத்துப்பா."

"ஏத்திட்டேம்மா" என்றது ஆம்ப்ளிஃபயர், குமிழைத் தொடாமலே.

வீணை ஒரு தந்தியை மீட்டிப் பார்த்தது. "ஆங், இப்பதான் சரியா இருக்கு."

வயலினுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "வீணைக்கு ஏத்தின அளவு எனக்கும் ஏத்தணும். ஒரு துளி குறையக் கூடாது!"

"குறையாது சார்" என்றது ஆம்ப்ளிஃபயர்.