ஐந்தாம் நாள் கட்டு

ஒரு சாண் தோலின் விலை, ஐந்து நாள் அசையாத கால்.

விலையைச் சொன்னவள் நர்ஸ், மிஸ்ஸி பமேலா. ஈப்போ லிட்டில் இந்தியாவில் முப்பது வருடமாகத் துணி விற்கிறவன் நான். சொன்ன விலைக்கு எதையும் வாங்கிப் பழக்கமில்லை. மூன்று நாளில் முடித்துக்கொள்ள முடியாதா என்று கேட்டுப் பார்த்தேன்.

"இது ஒங்க கடை இல்லலா அண்ணே," என்றாள்.

இன்று ஐந்தாம் நாள். ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள்.

கட்டில்மேல் நீட்டியிருப்பது என் மனைவி கலாதேவியின் வலது கால். மோட்டார் சைக்கிள் புகைக்குழாய் சுட்ட புண். இனிப்புநீர் நோய் உள்ள உடம்பு, நான்கு மாதமாகியும் மூடவில்லை. தொடையிலிருந்து தோல் எடுத்துப் புறங்காலில் வைத்துக் கட்டி, வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஒட்டினால் கால் உண்டு. ஒட்டாவிட்டால் என்ன என்பதை டாக்டர் வாயால் சொல்லவில்லை. கணுக்காலுக்குச் சற்று மேலே, விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டினார்.

கடைசித் துணி சுலபமாக வந்தது. தோலும் அதோடு வந்தது, நனைந்த காகிதம் போல, சாம்பல் நிறத்தில்.

பமேலா அதை இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"கீழ உள்ள செல்லு மேல கைய நீட்டும்க்கா. மேல உள்ளது கீழ நீட்டும். மூனாம் நாளுதான் ஒன்ன ஒன்னு தொட்டுக்கும், நூலவிட இளசா. அப்ப தோலு நகந்தா எல்லாம் அறுந்துரும்." என்னைப் பார்த்தாள். "யாராச்சும் கட்டத் தொறந்தீங்களா?"

"யாரு தொறப்பா?" என்றேன். சாயம் போகுமா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்கிற குரல் எனக்கு எப்போதும் தயாராக இருக்கும்.

"நாந்தான் மிஸ்ஸி," என்றாள் கலாதேவி. "மருந்தப் போட்டா அசந்து தூங்கிடுறேன். தூக்கத்துல கால ஒதறியிருப்பேன்."

பமேலா அவளைத் திட்டவில்லை. இடது தொடையிலிருந்து இன்னொரு தடவை எடுக்கலாம் என்றாள். அதற்கு மேல் இந்த உடம்பு தாங்காது என்றாள்.

காருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, கலாதேவி சக்கர நாற்காலியிலிருந்து கையைப் பின்னால் நீட்டி என் கையைப் பிடித்தாள்.

"மன்னிச்சிருங்க. அஞ்சு நாளும் கடையச் சாத்திட்டு பக்கத்துலயே இருந்தீங்க. நா கெடுத்துட்டேன்."

"பரவால்ல, விடு," என்றேன்.

ஆம், மன்னித்தேன்.

மூன்றாம் நாள் மதியம் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். என் அக்கா செல்லாயி ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தாள், கையில் கருவாட்டுப் பையோடு. "சுத்தி வச்ச துணியப் பாக்கவாடா இவ்ளோ தூரம் வந்தேன்?" என்றாள். புண்ணைப் பார்க்காமல் திரும்பினால் எங்கள் சனத்தில் அது நலம் விசாரித்ததாகவே ஆகாது. நானும் பிரித்துக் காட்டியே பழகியவன்.

ஓரத்தை மட்டும்தான் தூக்கினேன். தோலும் கூடவே எழுந்தது. மடிப்பு விழாமல் மெல்ல அழுத்தி வைத்தேன்.

அக்காவுக்கு ஒரு தடவை. அவள் குரல் கேட்டு எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு எல்ஸிக்கு ஒரு தடவை. மறுநாள், கலாதேவி மறுபடி தூங்கியபோது, ஆயர் தாவாரிலிருந்து வந்த சம்பந்திக்கு, முதலில் வெளிச்சம் போதவில்லை என்றதால், இரண்டு தடவை.

என் பக்கம் நான்கு.

அவள் பக்கம் ஓர் உதறல்கூட இல்லை. ஐந்து நாளும் அருகிலேயே உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன்.